பொங்கல் படி

முருகையனுக்கு முடி பிடிக்காது. தலையில் இருக்கும்வரை ஒன்றுமில்லை. தரையில் விழுந்ததும் அது வேறு எதுவோ ஆகிவிடும். ஈரத்தில் ஒட்டும், செருப்போடு வீட்டுக்கு வரும், சோற்றில் கிடக்கும், படுத்தால் கழுத்தில் குத்தும். நாற்பத்து மூன்று வருஷமாகக் கூட்டித் தள்ளியும் அந்தக் குமட்டல் போகவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கு இது தெரியாது. கை சுத்தமான ஆள் என்று பேர். ஒருவர் முகத்தில் போட்ட துண்டை இன்னொருவர் முகத்தில் போடமாட்டார். கத்தியில் வழித்த நுரையைத் தாளில் துடைத்து, தாளை மடித்து, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கூடையில் போடுவார்.

கடை புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஐந்து கடை வரிசையில் இரண்டாவது. மேலே பிரெஞ்சில் எழுதிய தகரப் பலகை ஒன்று உண்டு. பாதி எழுத்து துருவில் போய்விட்டது. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் பெண் ஒருத்தி வாரத்துக்கு ஒருமுறை அங்கே நின்று, பழைய காலத்து மனிதர்களுக்குள் இருந்த அன்பைப் பற்றி ஏதோ சொல்வாள். அவர்கள் பலகையைப் படம் எடுப்பார்கள். பிறகு குனிந்து, உள்ளே சோப்பு முகத்தோடு உட்கார்ந்திருப்பவரையும் எடுப்பார்கள். முருகையன் வாசலுக்கு வந்து, துப்புவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் தரையைப் பார்ப்பார். அவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

அந்தப் பலகையை எழுதியது ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களுக்கு ஊரில் அதுதான் பேர். முருகையனின் அப்பா கண்ணுசாமிக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மறுவருஷம் பாகூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பெட்டியோடு ஓடி வந்தவர் அவர். ஊரில் அவர் குடிமகன். அதாவது நாற்பது வீட்டுக்கு நாவிதர். வீட்டுக்குப் பின்பக்கம் போய், எருக்குழி ஓரத்தில் குந்தி, எதிரே குந்தியிருப்பவனுக்கு முகம் மழிக்கவேண்டும். அறுப்புக்கு அறுப்பு நெல், பொங்கலுக்கு அரிசியும் வேட்டியும். அதற்குப் படி என்று பேர். படி வாங்கினவன் அந்த வீட்டுச் சாவுக்கும் போகவேண்டும். பிணத்துக்கு மழித்து, சங்கு ஊதி, பிணத்துக்கு முன்னால் நடந்து, சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைக் கத்தியால் மூன்றுமுறை கொத்தி ஓட்டை போடவேண்டும். பிணத்தின் மேல் கிடந்த துணி அவனுக்கு.

கண்ணுசாமி ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. விழுப்புரம் பாசஞ்சரில் வந்து இறங்குபவனுக்கு, முகம் மழிப்பவன் யார் வீட்டுக் குடிமகன் என்று தெரியாது. காலையில் கல்யாணத்துக்கு, கோர்ட்டுக்கு, பெண் பார்க்க என்று வந்து இறங்குவார்கள். அவசரமாக உட்காருவார்கள், காசு கொடுப்பார்கள், போவார்கள். அந்தக் கடையில்தான் முதன்முதலாக அவர் நின்றார், எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்து கொடுத்தான். கடைக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். எவ்வளவு பெரிய மனுஷனானாலும் கடைக்கு வரவேண்டும். வீட்டுக்குப் போவதில்லை.

இதை முருகையன் ஒருநாள் மிக்கேலிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டார். மிக்கேல் ரயில்வேயில் கேட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை எதிரே இருதய ஆண்டவர் கோயில் பூசைக்கு முன்னால் ஒருமுறையும் வாரத்தின் நடுவில் ஒருமுறையும் சவரத்துக்கு வருவார்.

"பெரிய சட்டம்தான்யா," என்றார் மிக்கேல், பாதி நுரையோடு. "எங்கப்பன உள்ள உக்கார வுடல உங்கப்பன். வெளிய ஒரு பலகை போட்டிருந்தான். தனித் துண்டு, தனிக் கத்தி. அது எந்தச் சட்டம்?"

முருகையன் கத்தியை அவர் கன்னத்தில் வைத்தார்.

"ஆடாத மிக்கேலு. அறுத்துறப் போறேன்."

"அறு. எங்க சேரி ஆளு ரத்தம் ஒங்க கத்தியில படறதுக்கு எழுவது வருசம் ஆயிருக்குன்னு சாமியாருகிட்ட சொல்லி, ஒரு பூசை வெக்கச் சொல்றேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று முழுக்க முருகையனுக்கு வாயில் ஒரு கசப்பு இருந்தது. அந்த வாசல் பலகையை அவர் பார்த்திருக்கிறார். அதன் கால்களைத் தறித்து ஸ்டூல் செய்தது அவர்தான். பலகை போனபிறகு கடையில் வேறு வேறு அசிங்கங்கள் வந்தன. நடிகைகளின் படம், ரேடியோ, அழுக்குப் பத்திரிகை, கட்சிப் பேச்சு, ஒரே பிளேடால் நோய் வரும் என்ற பயம், பிளேடைப் பாதியாக உடைத்துப் போட்டுக் காட்டச் சொல்லும் சந்தேகம். இப்போது அவர் மகன் ராஜ்கமல், சென்னையில் படித்து வந்தவன், கறுப்பு டீசர்ட்டில் ஆண்களின் முகத்தில் எதையோ பூசி உரித்தெடுக்கிறான். உரித்ததை அவர்களிடமே காட்டுகிறான். அவர்கள் ஆவலாகப் பார்க்கிறார்கள்.

ராஜ்கமலுக்கு ஒரே ஆசைதான். கடையை உடைத்துக் கட்டி ஏசி போடவேண்டும். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்குக் கட்டட உரிமையாளர் பத்து வருஷத்துக்கு வாடகைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். உரிமையாளர் இராமதாஸ், தவளக்குப்பத்தில் பெரிய வீடு. "எழுதித் தரேன்டா" என்று வாயால் சொன்னார். அதற்குள் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

முருகையன் பார்க்கப் போனார். அங்கேதான் தப்பு செய்தார்.

இராமதாஸ் பின்கட்டு அறையில் கிடந்தார். ஒன்றரை மாதத் தாடி. கோணிய வாயின் ஓரத்தில் கஞ்சி வழிந்து தாடியில் காய்ந்து, அதன்மேல் மறுபடி வழிந்து, அடுக்கடுக்காக இறுகியிருந்தது. ஓர் ஈ அதற்குள் போய்ப் போய் வந்தது. வீட்டில் ஆறு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. முருகையன் கையை வீசி ஈயை விரட்டினார். இரக்கம் என்று பிறகு வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். இரக்கமே இல்லை. அப்படி ஒரு முகத்தை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை. பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வெந்நீரில் ஊறவைத்து, கத்தரித்து, மழித்து, துடைத்தபோது அடியிலிருந்து ஒரு முகம் வந்தது. இராமதாஸின் நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அதையும் துடைத்தார்.

பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் போனார். இராமதாஸின் மனைவி வரலட்சுமி மோர் கொடுத்து, நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். "இருக்கட்டும்மா" என்றார். கூலி வாங்கினால் வீட்டுக்குப் போய் வேலை செய்ததாகிவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. வாங்காவிட்டால், தெரிந்தவர் தெரிந்தவருக்குச் செய்தது.

தை பிறந்ததும் வரலட்சுமி அவரைப் பின்வாசல் பக்கம் கூப்பிட்டாள். ஒரு மூட்டை அரிசி, மேலே வேட்டி, ஒரு பூசணிக்காய், இரண்டு கரும்பு. "காசுதான் வாங்கமாட்டேங்கற. இதயாவது எடுத்துக்கினு போ" என்றாள். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்.

அவர் மனைவி ஜெயசித்ரா மூட்டையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள்.

"எந்த வாசல்ல குடுத்தாங்க?"

"எந்த வாசலா இருந்தா என்னா?"

"பின்னாடிதான. அப்ப இது படி."

"போடி. பிரியமா குடுத்தா அதுக்கும் ஒரு பேரு வெக்கணுமா."

"எங்கப்பன் வாங்குனத நான் தூக்கிக்கினு வந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்றாள். ஆனாலும் உலை வைத்தாள். நல்ல அரிசி. மறு பொங்கலுக்கும் வந்தது. அதையும் சாப்பிட்டார்கள்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை கடைக்கு போன் வந்தது. இராமதாஸின் மகன் ஆனந்தராஜ். மனை விற்கிற தொழில். முருகையனைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"முருகா, அப்பா போயிட்டாரு. பொட்டிய எடுத்துக்கிட்டு வந்துடு."

முருகையன் போனார். முகம் மழிப்பதில் அவருக்குத் தடை தோன்றவில்லை. இரண்டு வருஷமாகச் செய்த முகம். பிணம் கிடந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். தோல் குளிர்ந்து, நுரை அதில் நிற்காமல் வழிந்தது. கன்னத்தைப் பிடித்து இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது. அழுகிப்போன ரோஜாத் தண்ணீர் நாற்றமும் ஊதுவத்தியும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. அவர் வாயால் மூச்சுவிட்டு முடித்தார். கத்தியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்தபோது, ஆனந்தராஜ் அவர் கையில் ஒரு சங்கைக் கொடுத்தான்.

கனமான சங்கு. ஊதுகிற முனையில் பித்தளைப் பூண். அதில் யாருடைய எச்சிலோ காய்ந்து பச்சையாகப் படிந்திருந்தது.

"இது எதுக்குங்க?"

"எதுக்கா? பேண்டுக்காரனா ஊதுவான்? நாலு மணிக்கு எடுக்கறோம். அதுவரைக்கும் சொந்தக்காரங்க வர வர ஊதணும். அப்பறம் சுடுகாட்டு வேல இருக்கு."

"எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லீங்க. எங்கப்பா காலத்துலயே விட்டாச்சு."

"உங்கப்பன் விட்டது உங்க ஊர. இது எங்க வீடு. ரெண்டு வருசமா வந்து போற."

"ஐயாவுக்காக வந்தேன்."

"சும்மாவா வந்த? பொங்கப் படி வாங்குனியா இல்லியா?"

பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் திரும்பின. வரலட்சுமி பெண்கள் நடுவிலிருந்து அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பொங்கலுக்கும் என் கையால குடுத்தேனே முருகா. வேட்டி வெச்சி குடுத்தேன். வெறுங்கையோடவா அனுப்புனேன்?" என்றாள். அவள் குரலில் மிரட்டல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. அதுதான் முருகையனுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. இரண்டு வருஷமும் அவள் அவரை என்னவென்று நினைத்து மோர் கொடுத்தாள் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர், "ஊதிட்டுப் போயேன்பா. வாயி தேஞ்சிப் பூடுமா?" என்றார். யாரோ சிரித்து, சாவு வீடு என்று நினைவு வந்து இருமினார்கள்.

முருகையன் சங்கைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார். ஆனந்தராஜ் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்கு. யோசி. அப்பிடியே கடையப் பத்தியும் யோசி. காபி ஷாப் வெக்கறதுக்கு ஒருத்தன் நாலு மாசமா எங்கிட்ட நடக்கறான். அப்பா சொன்ன வார்த்தைன்னு பாத்துக்கினு இருந்தேன்."

தவளக்குப்பம் கூட்டுரோடு வரைக்கும் முருகையன் நடந்தார். கடலூர் பஸ்கள் ஊதிக்கொண்டு போயின. ஒரு மளிகைக் கடையில் நின்று இரண்டு மூட்டை அரிசி வாங்கினார். பக்கத்துத் துணிக்கடையில் இரண்டு வேட்டி. கையில் இருந்தது போதவில்லை. மீதிப் பணத்தை போனில் அனுப்பினார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பினார். முன்வாசலில் இறக்கினார். ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிவந்து பந்தலின் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போட்டார். மேலே வேட்டிகளை வைத்தார்.

"வாங்குனத திருப்பிட்டேன்," என்றார். சத்தமாகச் சொல்ல நினைத்தது. பக்கத்து நாற்காலிக்கு மட்டும்தான் கேட்டது.

அதற்குள் சமையல்காரன் ஒருவன், இடுப்பில் கரண்டியோடு, ஓடிவந்து மூட்டையைத் தட்டிப் பார்த்தான்.

"அரிசி வந்துருச்சா? இங்க ஏன்யா போட்ட? அடுப்பு அந்தாண்ட."

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன் மற்றதை எடுத்தான். வேட்டிகளை யாரோ ஒரு பையன் கொள்ளி போடுபவருக்கு என்று உள்ளே கொண்டுபோனான். இரண்டு நிமிஷத்தில் பந்தலின் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனந்தராஜ் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்ன சோறு திரும்புமா முருகா?" என்றான். கோபமே இல்லாமல்.

முருகையன் பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் விரல்களை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்து, கையை வெளியே நீட்டிக் காற்றில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கடைக்கு வந்தபோது ராஜ்கமல் இல்லை. மிக்கேல் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஒம் புள்ள எங்கியோ வண்டிய எடுத்துக்கினு போனான். போன் வந்துது, போனான். கடைக்கு நானே ஷட்டர் மாதிரி உக்காந்திருக்கேன்."

முருகையன் அவர் முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மிக்கேல், "அரிசிய திருப்பிக் குடுத்த பாரு, அது நல்லாருக்கு," என்றார். "முட்டாத்தனம். ஆனா நல்லாருக்கு."

ஆறரை மணிக்கு ராஜ்கமல் வந்தான். கறுப்பு டீசர்ட்டைத் தோளில் போட்டிருந்தான். இடுப்புக்கு மேலே வெறும் உடம்பு, விபூதி, வேர்வை. பேண்ட் முட்டிவரை நனைந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மஞ்சள் ஈரத்தோடு ஒரு துணி.

முருகையனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"பத்து நிமிச வேலப்பா," என்றான் ராஜ்கமல் வாசலில் நின்றபடி. "அவரு போன் பண்ணாரு. ஒங்கப்பன் எகிறிக்கினு போறான், நீயாவது வரியான்னாரு. சங்கு மொதல்ல சத்தமே வரல. எல்லாம் சிரிச்சானுவ. அப்பறம் வந்துருச்சு. கொடத்த கொத்தறது ஒண்ணும் கஷ்டமில்ல."

"டீசர்ட்டு ஏன் தோள்ல கெடக்குது?"

"கழட்டச் சொன்னாங்க."

"கழட்டினியா?"

"வெயிலுப்பா."

மிக்கேல் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"பத்து வருசத்துக்கு எழுதித் தரேன்னுட்டாரு," என்றான் ராஜ்கமல். "திங்கக்கெழம ரிஜிஸ்தர். நீ ஏன் இப்பிடிப் பாக்கற? நான் என்ன களவா பண்ணேன்? ஒனக்காகவும்தான். ஒரு நாளு. அவ்ளோதான். யாரும் படம்கூட எடுக்கல."

அவன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

"உள்ள வராத," என்றார் முருகையன். "குளிச்சிட்டு வா."

ராஜ்கமல் நின்றான். அவன் முகம் மெதுவாக மாறியது.

"சாவுக்குப் போய்ட்டு வந்தா எல்லாரும்தான் குளிக்கறாங்க. ஆனா நீ அதுக்கா சொல்ற?" என்றான். "அந்த வூட்லயும் திரும்பி வாசல்படி ஏறப் போனப்ப இப்பிடித்தான் கை காட்டி நிறுத்துனாங்க. நீயும் சொல்லு."

முருகையனுக்குத் தன் வாய்க்குள் அந்தச் சங்கின் பித்தளைப் பூண் இருப்பதுபோல் இருந்தது. மகன்மேல் வந்த அருவருப்பு எங்கும் போகவில்லை, அப்படியேதான் இருந்தது. தன்மேல் வந்த அருவருப்பு அதன்மேல் இன்னொரு அடுக்காக ஏறியது. அவர் மிக்கேலின் முகத்தில் பாதியில் நின்றதை முடித்தார். கத்தி இரண்டு, கத்தரி மூன்று, மெஷின் ஒன்று, பிரஷ், தீட்டுகிற தோல்வார் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தார். சாவியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். ராஜ்கமல் வாசலில் ஒதுங்கி வழி விட்டான். மேலே பட்டுவிடாமல்தான் அவரும் தாண்டினார்.

இப்போது முருகையன் நெல்லித்தோப்பில் எழிலரசன் என்பவரின் கடையில் மூன்றாவது நாற்காலியில் வேலை செய்கிறார். அறுபத்தொரு வயதில் பாதிக்குப் பாதி பங்கு. எழிலரசன் அவரைவிட இருபது வயது சின்னவன். "அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டுத் தரையைக் கூட்டச் சொல்வான். ஸ்டேஷன் கடைக்கு ஏசி வந்துவிட்டது. பிரெஞ்சுப் பலகையைச் சுரண்டி, மெருகேற்றி, விளக்குப் போட்டு மாட்டியிருப்பதாக மிக்கேல் சொன்னார். ராஜ்கமல் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். ஜெயசித்ராவோடு பேசிவிட்டுப் போகிறான். இராமதாஸின் கருமாதிக்கும் அவன்தான் போனானாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லையாம்.

போன மாதம் ஒருவர் நெல்லித்தோப்புக் கடைக்கு வந்தார். வம்பாகீரப்பாளையத்து மீன் வியாபாரி, சுப்ரமணி என்று பேர். அப்பா எட்டு மாதமாகப் படுக்கை, தாடி ஒரு முழம், சிக்குப் பிடித்துப் புண்ணாகிவிட்டது, ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டார்.

"வீட்டுக்கு வர்றதில்ல," என்றார் முருகையன்.

"என்னா கேட்டாலும் குடுக்கறேண்ணே. ஆட்டோ வெச்சி கூட்டிம்போறேன்."

"அந்த ஆட்டோவுல அவர இட்டுக்கினு வாங்க."

"உக்கார மாட்டாருண்ணே. கழுத்து நிக்காது."

"இட்டுக்கினு வாங்க."

எழிலரசன்கூடத் திரும்பிப் பார்த்தான். சுப்ரமணி போய், ஒரு மணி நேரம் கழித்து, மகன்கள் இரண்டு பேரோடு கிழவரை ஆட்டோவிலிருந்து தூக்கி வந்தார். ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான், ஒருவன் தலையை. கிழவர் ஒரு குழந்தைக் குரலில் முனகினார். மலம், மீன், காய்ந்த எச்சில் எல்லாம் சேர்ந்த நாற்றம் கடை முழுக்க நின்றது. உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். முருகையன் வெந்நீர் வைத்து, முக்கால் மணி நேரம், புண்ணில் படாமல், ஒவ்வொரு சிக்காக எடுத்தார். இரண்டுமுறை வெளியே போய் ஓங்கரித்துவிட்டு வந்தார்.

முடிந்ததும் சுப்ரமணி கண் கலங்கி, ஆட்டோவிலிருந்து ஒரு பையை எடுத்துவந்தார். உள்ளே இலையில் சுற்றிய வஞ்சிர மீன், பெரியது.

"காலைல எறங்குனது. வூட்டுக்குக் கொண்டும்போங்கண்ணே."

"எடுத்துக்கினு போங்க," என்றார் முருகையன். "கூலி குடுங்க."

"அதும் தரேண்ணே. இது பிரியமா..."

"கூலி மட்டும்."

சுப்ரமணி முகம் சுருங்கிப் பணத்தை எடுத்து நீட்டினார். முருகையன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு துடைப்பத்தை எடுத்து, தரையில் கிடந்த அந்த நரைத்த சிக்கை, பார்க்காமல், மூலைக்குத் தள்ளினார்.